கூட்ஸ் கார்டும் ஆகாயத்தாமரையும்

பட்டணத்துக்கு மேற்கே, பயப்பட வேண்டிய விஷயங்கள் எத்தனை உண்டோ அத்தனைக்கும் கொல்லையில் ஒரு செடி வைத்து வளர்த்தவர் அம்பத்தூர் பூ கார்டு ஒருவர்தான். கண் போய்விடும் என்ற பயத்துக்கு ஒரு பூ. பாம்பு பயத்துக்கு ஒரு பூ. தோல் உரிந்துவிடும் என்ற பயத்துக்கு ஒரு பூ. ரோஜாவும் மல்லிகையும் அவர் வேலிக்குள் கால் வைத்ததில்லை. "அதுல இன்னா சார் கீது? வெச்சா பூக்கும், பறிச்சா மணக்கும்" என்று கையை உதறிவிடுவார்.

கார்டு என்றால் கூட்ஸ் ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடியோடு உட்கார்ந்து வருகிறவர். பூ என்பது ஊர் கொடுத்த பட்டம். சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மனைவி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். ரயில் கம்பெனி நம்பரால் கூப்பிட்டது. மச்சான் "மாப்ளே" என்றான். ஸ்டேஷன் மாஸ்டர் "ஓய்" என்றார். இத்தனை பேர் கூடி ஒரு மனிதனுடைய பெயரை இவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்ததை வேறெங்கும் நான் கண்டதில்லை.

அவர் வீட்டு முன்னறைக்கு நான் குடிவந்தது யுத்த காலத்தில், ஒரு தை மாதம். ஜப்பான்காரன் இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. கழுத்து வலிக்க வலிக்க வானத்தைப் பார்த்த நாட்கள் அவை. காதோரம் வண்டு பறந்தால் விமானம். யார் வீட்டிலாவது தாம்பாளம் விழுந்தால் குண்டு. வானம் என்றால் அதுவரை எனக்கு நிறம். அந்த வருஷம் அது ஒரு திசையாகிவிட்டது, ஏதோ ஒன்று வரப்போகிற திசை. திருவல்லிக்கேணி அறையைப் பூட்டிவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் கூஜாவுமாக அம்பத்தூரில் இறங்கினேன். ஆபீஸ் மட்டும் பட்டணத்திலேயே இருந்தது. தினமும் காலையில் பயத்தை நோக்கி ரயிலேறி, சாயங்காலம் பயத்திலிருந்து ரயிலேறி வந்தேன்.

வாசலில் கார்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதங்களைப் பார்த்தார்.

"மண்ணு ஒத்துக்கிச்சா சார்?"

"இப்போதானே வந்து இறங்கினேன்?"

"அத்தான் கேக்கறேன். புடுங்கி நட்ட ஒடனே வாடும். கொஞ்ச நாளிக்கி வெயில்ல அலையாதீங்க, வேரு புடிச்சிரும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, ஊரெல்லாம் கார்டம்மா என்று கூப்பிடும் பெண்மணி, தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "அவுரு இன்னா மனுசனா, செடியா? ஊட்டுக்கு வந்தவர ஒக்காரச் சொல்லாம வேர பார்த்துகினு கீறியே! நீ உள்ள வா தம்பி."

கார்டுக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. சொந்த மண்ணை விட்டு வந்த செடி பயந்து போயிருக்கும். பயம் தெளிகிற வரைக்கும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். பல்லாரிப் பக்கத்துப் பொட்டல் காட்டிலிருந்து ஒரு சப்பாத்திக்கள்ளி கொண்டுவந்திருந்தார். உடம்பெல்லாம் முள், தலையில் மட்டும் கண்ணைப் பறிக்கிற மஞ்சள் பூ. மழையே அறியாத ஊர்ச் செடியாயிற்றே என்று, மழை நாளில் அதற்குக் குடை பிடிப்பார். பக்கத்திலேயே மலையாளக் கரையிலிருந்து வந்த தொட்டாற்சுருங்கி, இளஞ்சிவப்புப் பஞ்சு உருண்டையாகப் பூத்துக்கொண்டு. அது மழையிலேயே பிறந்து வளர்ந்ததாம். வெயில் நாளில் அதற்கு ஈரச்சாக்குப் போர்த்துவார். கள்ளிக்குக் குடை, தொட்டாற்சுருங்கிக்குப் போர்வை. இரண்டுக்கும் நடுவே இவர் நனைந்து, காய்ந்து, ஜுரத்தில் படுப்பார்.

ஜவ்வாது மலையிலிருந்து வந்த காந்தள் தெருப்பக்கத்து வேலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் இலை நுனிதான் அதற்குக் கை. சுருண்டு சுருண்டு எதையாவது பற்றும். பூ விரியும்போது பச்சையும் மஞ்சளும். போகப் போக அடியிலிருந்து சிவப்பு ஏறி, கடைசியில் முழுக்க நெருப்பு. உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று சொல்வார்கள். அதனால் எங்கள் தெருவில் எல்லோரும் அந்த வேலியைத் தாண்டும்போது நெற்றியில் கை வைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டு போவார்கள். பட்டணத்திலிருந்து புதிதாக வந்தவர்கள் இதைக் கண்டு, யாரோ பெரிய அதிகாரி வீடு போலிருக்கிறது என்று தாங்களும் ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்கள்.

கூடூர் பக்கத்துக் கடற்கரை மணலிலிருந்து தாழம்புதர் வந்ததில் வீட்டில் ஒரு வாரம் சண்டை.

"தாழம்பூ வாசத்துக்குப் பாம்பு வருமேன்னு கொல்லப்பக்கம் போவவே பயப்பட்ற. அப்ப இன்னாத்துக்குய்யா அத்த வெச்ச?"

"வெச்சாத்தானே வருதா இல்லியான்னு தெரியும்!"

இத்தனையும் எப்படிச் சேர்ந்தன? கூட்ஸ் ரயில் கைகாட்டிக்காகக் காட்டு நடுவே நிற்கும். கார்டு இறங்கிப் பாதை ஓரம் நடப்பார். ஒரு தடவை அரக்கோணத்துக்கு முன்னால் இப்படி இறங்கி ஏதோ ஒன்றின் வேரோடு மல்லுக்கு நிற்கையில், போகலாம் என்று கைகாட்டி விழுந்தது. டிரைவர் ரயிலைக் கிளப்பிவிட்டார். கார்டு இல்லாமலே ரயில் அரக்கோணம் போய்ச் சேர்ந்தது. ரயில் இல்லாமலே கார்டு மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தார், மடியில் செடியோடு. ஏன் இறங்கினாய் என்று கம்பெனித் துரை கேட்டாராம். "தனியா நின்னுகினு இருந்திச்சு சார்" என்றாராம் இவர்.

பாலக்காட்டுப் பக்கத்துப் பூனைக்காலி கதையை நான் நேரில் பார்த்தேன். பூ என்னவோ கருநீலக் கொத்தாக, பெரிய வீட்டுத் திரைச்சீலைக் குஞ்சம் போலத் தொங்கும். காய்தான் வில்லன். பட்டு மாதிரி ரோமம். பட்ட இடம் தீப்பிடித்தாற்போல் அரிக்கும். அந்தக் காய்களைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர், கோட்டைக் கழற்றி ஸ்டேஷன் மாஸ்டரின் நாற்காலியில் மாட்டினார். மாஸ்டர் வந்து சாய்ந்தார். அடுத்து வந்த பாசஞ்சர் வண்டிக்கு அவர் பச்சைக் கொடியால் முதுகையும் சிவப்புக் கொடியால் விலாவையும் சொறிந்துகொண்டே நிற்க, போகச் சொல்கிறாரா, நிற்கச் சொல்கிறாரா என்று புரியாமல் டிரைவர் எஞ்சினை விட்டு இறங்கி வந்து விசாரித்தார்.

"ஓய்! உம்மை நான் தண்டவாளத்தில் கட்டிப் போடப் போகிறேன், பாரும்!"

"சாணிய தடவிக்குங்க சார், கொறையும்."

"எங்கேங்காணும் தடவுவேன், பிளாட்பாரத்தில்?"

அதே மாஸ்டரிடம்தான் பிறகு லீவு கேட்டார். நீலகிரியிலிருந்து ஒரு குறிஞ்சிச் செடியைக் கொண்டுவந்து, ஈர மண்சட்டிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தார். அது பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கிற ஜாதி. அது பூக்கிற அன்றைக்குத் தாம் ரயிலில் இருந்துவிட்டால்? அந்தக் கவலையில் தூக்கம் போய், அடுத்த மாமாங்கத்துக்கு இப்போதே லீவு வேண்டும் என்று நின்றார். மாஸ்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஜப்பான்காரன் விட்டு வைத்தால் தருகிறேன், போம்."

அப்படியிருக்கையில்தான் அது வந்தது.

வங்காளத்திலிருந்து ஒரு கார்டு வால்டேர் கார்டிடம் கொடுத்து, அவர் பெஜவாடா கார்டிடம் கொடுத்து, கை மாறி மாறி, மண்ணெண்ணெய் டின் ஒன்றில் தண்ணீரோடு தளும்பி வந்து சேர்ந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துத் தொட்டியில் விட்டார். மண் வேண்டாம் அதற்கு. இலைக்காம்பு காற்றடைத்த பலூன் மாதிரி உப்பி மிதக்கும். வேர் கருங்கூந்தலாகத் தண்ணீருக்குள் தொங்கும். ஒரு காலை, கொல்லைக்குப் பல் விளக்கப் போன நான் பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். தொட்டியின் நடுவே ஊதா. விடிவதற்குச் சற்று முன் வானத்தில் ஒரு கணம் தோன்றி, நாம் பார்ப்பதற்குள் கலைந்துவிடுகிற ஊதா. மேலிதழில் மட்டும் நீலம் சூழ்ந்த ஒரு மஞ்சள் பொட்டு, மயிலிறகுக் கண்ணைப் போல.

"ஆகாயத்தாமர சார்" என்றார் கார்டு, குழந்தை பிறந்த வீட்டுக்காரர் மாதிரி.

கார்டம்மா தொட்டியருகே உட்கார்ந்துவிட்டாள். "முள்ளு இல்ல, அரிப்பு இல்ல, பாம்பு இல்ல. இன்னிக்குத்தான் இந்த மனுசன் ஊட்டுக்கு ஒரு பூ எட்தாந்துகீறாரு."

பூ மறுநாளே தலையைத் தொங்கப் போட்டது. செடியோ பக்கவாட்டில் ஒரு கொடி நீட்டி, அதன் முனையில் ஒரு குட்டி போட்டது. குட்டி குட்டி போட்டது. மாதம் திரும்புவதற்குள் தொட்டியில் தண்ணீர் தெரியவில்லை. துவைக்கிற துணியை எங்கே நனைப்பது என்று தேட வேண்டியிருந்தது.

பெஜவாடா கார்டு ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்ன சேதியோடு இவர் வீட்டுக்குள் நுழைந்தபோது முகத்தில் ரத்தமில்லை. "வங்காளத்துல ஆறே அடைச்சிகிச்சாம் சார். படகு நவுர்லியாம். மீனு மூச்சு முட்டி சாவுதாம். நான் பூவ எட்தாரல சார், பூதத்த எட்தாந்துகீறேன்!"

அவர் பயந்தது தொட்டிக்காக அல்ல. ஏரிக்காக. ரயில் பாதையை ஒட்டிய அந்த ஏரியை நம்பித்தான் கள்ளிக்குப்பத்து நிலங்கள் இருந்தன. கார்டம்மா பிறந்த ஊர் அது. அவள் அண்ணன் அங்கேதான் நவரை நெல் நட்டிருந்தான். எங்கள் வீட்டு உலையில் கொதித்ததும் அந்த வயல் அரிசிதான். கதிர் பால் பிடிக்கிற நேரம். இந்தச் செடி ஒன்றே ஒன்று ஏரியில் விழுந்து, பெருகி, மதகை அடைத்தால், கடைமடை வரை பயிர் பதராகப் போகும்.

அன்றே தொட்டியைக் காலி செய்தார். செடிகளை மொட்டை மாடியில் வடாம் மாதிரி பரப்பி, காக்காய் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் போட்டுவிடுமோ என்று கையில் கோலோடு காவல் உட்கார்ந்தார். காய்ந்ததை எரித்தார். எரிந்த சாம்பலையும் சந்தேகமாகப் பார்த்தார். கார்டம்மா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பூ போனதே என்ற வருத்தம் என்று நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை ரயில் ஏரியைத் தாண்டும்போதும் கார்டு கடைசிப் பெட்டியில் எழுந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பாராம். எங்களிடமும் கேட்பார். "சார், ஏரி பக்கம் போனீங்களா? ஊதாவா எதுனா தெரிஞ்சிச்சா?" தெரியவில்லை என்றால், சரியாகப் பார்த்தீர்களா என்பார்.

பங்குனி பிறந்தது. ஜப்பான்காரன் கப்பல் பக்கத்திலேயே நிற்கிறது என்று ஒரு வதந்தி பட்டணத்தைத் துடைத்தெடுத்து எங்கள் ஊரில் கொட்டியது. ஒரு காலை, மூட்டை முடிச்சுகளோடு வந்திறங்கியவர்கள் பிளாட்பாரத்தில் நிரம்பி வழிய, ஆபீசுக்குப் போக ரயிலை எதிர்பார்த்து அவர்கள் நடுவே நான் நின்றிருந்தேன். அந்தச் சமயம் ஸ்டேஷனைத் தாண்டி ஆவடிப் பக்கம் போன கூட்ஸ் ரயில் கிறீச்சிட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் பாதை ஓரமாக, சிவப்புக் கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கம்பெனி உடுப்போடு பூ கார்டு ஓடி வந்தார்.

"ஆகாயத்தாமர எறங்கிடுச்சு! ஏரில எறங்கிடுச்சு! மதகாண்ட ரொம்பிப் போய்க் கீது! அல்லாரும் ஓடியாங்க!"

சொல்லிவிட்டுத் திரும்பி ஏரியை நோக்கி ஓடினார்.

பிளாட்பாரத்தில் முதல் மனிதர் காதில் 'ஆகாய' விழுந்தது, 'எறங்கிடுச்சு' விழுந்தது.

"ஆகாயத்துலேர்ந்து எறங்கிட்டானாம்!"

"யாரு?"

"யாருன்னா? நம்ம மாமனா எறங்குவான்? ஜப்பான்காரன்யா!"

"பாரசூட் குடை கட்டிக்கிட்டு எறங்குவான்னு பேப்பர்ல போட்டிருந்தானே!"

"அதான், தாமரப்பூ மாதிரி விரியுமாம்!"

உடுப்புப் போட்ட ஆள், கையில் சிவப்புக் கொடி. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கடைத்தெருவுக்குப் போவதற்குள் ஜப்பான்காரர்கள் ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார்கள். அடுத்த தெருவில் அவர்களிடம் பீரங்கி இருந்தது. ஒருவர் இட்லிக் குண்டானை ஆவி பறக்கப் பறக்கத் தூக்கிக்கொண்டு ஓடினார். இன்னொருவர் அவசரத்தில் பக்கத்து வீட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். பூந்தமல்லியை நோக்கிப் புறப்பட்ட வண்டிகளும், பூந்தமல்லியில் வேறேதோ வதந்தி கேட்டு இங்கே புறப்பட்டு வந்த வண்டிகளும் நடுவழியில் முட்டிக்கொண்டு, "அங்க எப்டி?" "அங்க எப்டி?" என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு நின்றனவாம்.

கள்ளிக்குப்பத்துக்காரர்கள் மட்டும் எதிர்த் திசையில் ஓடினார்கள். ஏரி அவர்களுடையது. துறட்டி, மண்வெட்டி, அரிவாள், கிணற்றில் நீர் இறைக்கிற கவலைக் கயிறு, கையில் கிடைத்தது எல்லாம். முன்னால் கார்டம்மாவின் அண்ணன், தோளில் துறட்டியோடு. நானும் ஓடினேன். எந்தப் பக்கம் ஓடுகிறேன் என்பது கரை ஏறிய பிறகுதான் தெரிந்தது.

மதகுக்கு முன்னால் ஒரு பெரிய நெற்களம் அகலத்துக்கு ஊதாக் கம்பளம். பனி கூட உலரவில்லை. அத்தனை பூவும் அப்போதுதான் கண் திறந்தாற்போல, ஆயிரம் மயிற்கண்களும் எங்களையே பார்த்தன. அவ்வளவு அழகான ஒன்றைக் கண்டு அவ்வளவு நடுங்கியது எனக்கு அன்றைக்கு மட்டும்தான். அதன் நடுவே, தொப்பியைக் கூடக் கழற்றாமல், இடுப்பளவுத் தண்ணீரில் கார்டு.

அண்ணன் கரையிலிருந்து கத்தினான். "எங்க மாப்ளே? எத்தினி பேரு?"

"எண்ண முடியாது மச்சான்! நேத்து ஒண்ணு இருந்தா இன்னிக்கு ரெண்டு!"

"துப்பாக்கி வெச்சிகினு கீறானுங்களா?"

"துப்பாக்கியா? வேரு மச்சான், வேரு! அடில தொங்குது பாரு!"

கூட்டம் கரை நுனிக்கு வந்து எட்டிப் பார்த்தது. வெறும் செடி. பிறகு, எங்களோடு சேர்ந்து ஓடிவந்திருந்த பட்டணத்துக்காரர் ஒருவர், கையிலிருந்த உலக்கையைக் கீழே போட்டார். "இதுக்கா என் சம்சாரத்தையும் குழந்தைகளையும் பூந்தமல்லி வண்டியிலே ஏத்திட்டு வந்தேன்?"

அண்ணன் சிரிக்கவில்லை. மதகைப் பார்த்தான். தண்ணீர் நூலாக வடிந்துகொண்டிருந்தது. "வாய்க்கால் சுருங்குதே, சுருங்குதேன்னு மேல்மடைக்காரன்கூட மண்டைய ஒடச்சிகினு கீறேன்... இத்தானா?" மெதுவாகத் திரும்பினான். "எவன் போட்டான் இத்த?"

அவனுக்குப் பின்னால் கார்டம்மா வந்து நின்றிருந்தாள். மூச்சிரைத்தது அவளுக்கு. என் காதருகே, காற்று மாதிரிச் சொன்னாள்: "அம்மனும் பார்க்கட்டுமேன்னு ஏரிக்கர கோயிலாண்ட, கோரைக்குள்ள ஒண்ணே ஒண்ணு வுட்டேன் தம்பி. அப்பவே, தொட்டில இருந்தப்பவே." பிறகு ஓரடி முன்னால் வந்து, "அண்ணே..." என்றாள்.

கார்டு தண்ணீரிலிருந்து அவள் முகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை.

"நான்தான் மச்சான்!" அவர் குரல் அக்கரை வரை கேட்டது. "நான்தான் போட்டேன். அழகா கீதேன்னு போட்டுட்டேன்!"

பூனை குறுக்கே வந்தால் உட்கார்ந்துவிட்டுப் போகிற மனிதர். கொல்லைப் புதரில் காற்று அசைந்தால் மனைவியைக் கூப்பிடுகிற மனிதர். அத்தனை அரிவாளுக்கும் துறட்டிக்கும் முன்னால் நிமிர்ந்து நின்றார். அண்ணன் ஊரே கேட்கத் திட்டினான். உன்னைப் போய் என் தங்கச்சிக்குக் கட்டி வைத்தேனே என்றான். எச்சில் தெறிக்க இன்னும் என்னென்னவோ. கார்டு தலையாட்டிக்கொண்டே ஒரு கொத்தைப் பிடுங்கிக் கரையில் எறிந்தார்.

"திட்டு மச்சான், நல்லா திட்டு. புடுங்கிகினே திட்டு. ஒண்ணு வுட்டாலும் மறுபடி மொளைக்கும்."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். கூட்டம் இறங்கியது. ஜப்பான்காரனுக்காக வந்த துறட்டிகள் தாமரையை இழுத்தன; கயிறுகள் வளைத்துக் கட்டின; உலக்கைக்காரர் கூடை சுமந்தார். நின்ற ரயிலிலிருந்து டிரைவரும் பயர்மேனும் வந்தார்கள். ரயிலை ஏன் நிறுத்தினீர் என்று கர்ஜித்துக்கொண்டு வந்த ஸ்டேஷன் மாஸ்டர், சற்று நேரத்தில் கால்சராயைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். மேலிடம் தந்தியில் காரணம் கேட்டபோது அவர் கொடுத்த பதில் எங்கள் ஊரில் பிரசித்தம்: "ஏரியில் எதிரி. அப்புறப்படுத்தியாயிற்று."

உச்சி வெயிலில் மதகு ஒரு தரம் விக்கியது. பிறகு தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் பாய்ந்தது. அண்ணன் குனிந்து அதில் கையை வைத்தான். வெகு நேரம் அதை வெளியே எடுக்கவில்லை.

"தண்ணி வருது" என்றான், யாரிடமென்றில்லாமல். பிறகு, கடைசி வேரைத் தேடித் தனியே துழாவிக்கொண்டிருந்தவரிடம்: "மேல வா மாப்ளே. ஒடம்பு வெறச்சிக்கப் போவுது."

வீட்டுக்கு நடந்தோம். உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கார்டு முன்னே, அவள் பக்கத்தில், நான் பின்னால். ஊர் எல்லை வந்ததும் அவர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஒரு கொத்து ஊதா.

"வேரு இல்ல" என்றார் அவசரமாக. "காம்பு மட்டும்தான். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன்."

அவள் வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டாள். கண் துடைத்த கையாலேயே பூவையும் சரி செய்தாள். "தலைல மொளைச்சிகினா இன்னா பண்ணுவ?"

"பயமுறுத்தாதே" என்றார் அவர், நிஜமாகவே.

வீடு போய்ச் சேர்வதற்குள் பூ வாடிவிடுமோ என்ற கவலையில் நடையை எட்டிப் போட்டார். காரணம் கேட்காமல் நானும் எட்டிப் போட்டேன். அவர் கவலைப்பட்டால் கூடச் சேர்ந்து கவலைப்படுவது எனக்கு எப்போதோ பழக்கமாகிப் போயிருந்தது.